இரண்டு லாரிக்கு அறுபத்தெட்டுப் பக்கக் கணக்கு

காக்ஸ் டவுன், பெங்களூர்
18-2-2000, வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை எத்திராஜ் அவர்களுக்கு, மூத்த மச்சான் ஜெயராமன் எழுதிக்கொள்வது. இங்கே கீழ் வீட்டில் நானும் மங்களமும், மாடியில் என் தங்கையும் தங்கள் மனைவியுமான காந்தாவும் தங்கள் மகன் கவினும், அத்திபெலே ஸ்டாண்டில் நீல லாரியும் அதன் டிரைவர் டொமினிக்கும் சௌக்கியம். அங்கே தாங்களும் பச்சை லாரியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டெல்லியில் சரக்கை இறக்கிவிட்டு 24-ஆம் தேதி வாக்கில் தாங்கள் நாக்பூர் வருவீர்கள் என்று காந்தா சொன்னதால், இக்கடிதத்தை அங்குள்ள புக்கிங் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுவதுதான் என் வழக்கம். ஆனால் தாங்கள் ஸ்டியரிங் பிடிக்கிறவர் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வருமான வரி விவகாரம் நேற்று முன்தினம் புதன்கிழமை பகல் பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்தது. ஒரு ரூபாய்கூட வரி இல்லை. இரண்டு லாரியும் நம்முடையவையே. இனி எதற்கும் பயமில்லை. நாக்பூரில் லோடுக்காகக் காத்திருக்க வேண்டாம். காலி வண்டியாக இருந்தாலும் நேராக வீட்டுக்கு வாருங்கள். காந்தா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். இத்தனைக்கும் காரணமே அந்தப் போன்தான். ரோட்டோர பூத்திலிருந்து காந்தாவோடு பேசலாம் என்று ஆசையாக வைத்தீர்கள். பெங்களூரில் டெலிபோன் இருக்கிறவர் எல்லாரும் வருமானக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தாங்கள் ஏன் செய்யவில்லை என்று வருமான வரி ஆபீஸிலிருந்து நவம்பரில் கவர் வந்தது. அன்று தாங்கள் அத்திபெலேயில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தீர்கள். "மச்சான், எனக்கு ரோடு தெரியும், ஆபீஸ் தெரியாது. நீங்க ஃபேக்டரில முப்பத்திரண்டு வருசம் கணக்கு எழுதினவரு. பாத்துக்குங்க" என்று சொல்லி, என்னைத் தங்கள் பிரதிநிதியாக நியமிக்கும் கடிதத்தில் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். பானெட் சூட்டில் தாள் சுருண்டதை நான் இஸ்திரிபோட்டு நிமிர்த்தினேன்.

தாங்கள் 1998 ஏப்ரலில் நீல லாரியைக் கடனில் வாங்கிய அன்றே நான் சொல்லியிருந்தேன்: ரோட்டில் ஓடுகிறவன் ரோட்டில் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் வரியில் கழிக்கத் தகுந்த செலவு, எதையும் விடாமல் எழுதுங்கள் என்று. தாங்கள் என் பேச்சை இவ்வளவு மதிப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வருஷத்து நோட்டுப் புத்தகங்கள் மூன்றையும் காந்தா குங்குமம் வைத்து, நூலால் கட்டி, பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்தாள். "அவரு எழுத்த அவரே படிக்க முடியாதுண்ணா. எனக்கு வந்த மொத லெட்டரையே கொழுந்தனாருதான் படிச்சுச் சொன்னாரு" என்றாள். அவள் சொன்னது சரி. ஓடும் வண்டியில் எழுதியது போல இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தேன். மங்களம் டீயை வைத்துவிட்டு, ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு வரியையும் பெயர்த்து, தலைப்புவாரியாகப் பிரித்து, பழைய டைப்ரைட்டரில் தமிழிலேயே அறுபத்தெட்டுப் பக்கம் அடித்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். முகப்பில் பொருளடக்கம் வைத்தேன்.

தலைப்பு வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. டீசல், டயர், ஸ்பிரிங் பட்டை, டிரைவர் பேட்டா என்றால் யாருக்கும் புரியும். அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்கு உடைத்த பூசணிக்காயையும், சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தையும் எதில் சேர்ப்பது? இரண்டு நாள் யோசித்து 'வாகனப் பாதுகாப்பு' என்று போட்டேன். 'சலாம்' என்று இருநூற்றுப் பதினான்கு இடங்களில் எழுதியிருந்தீர்கள். எல்லாம் ஐம்பதும் நூறுமாக. அதற்கு 'வழி மரியாதை' என்று போட்டேன். இன்னொரு வகைச் செலவும் நிறைய இருந்தது. அதை எந்தத் தலைப்பில் சேர்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கை முடித்த அன்றுதான் எனக்குத் தூக்கம் போனது. இரண்டு லாரிக்கும் சேர்த்து வருஷ வாடகை வரவு பதினொரு லட்சத்து இருபதாயிரம். செலவு போக லாபம் அறுபதாயிரம். ஆனால் செலவில் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்குப் பில் இல்லை. சுமை இறக்கியவனும் டாபாக்காரனும் நடுரோட்டில் வெல்டிங் வைத்தவனும் பில் கொடுப்பதில்லை. அதை அதிகாரி அடித்துவிட்டால் வரி எழுபத்தாறாயிரம், வட்டி தனி. அத்தனைக்கு நாம் எங்கே போவது? இப்போது ஆபத்து நீங்கிவிட்டதால் ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தங்களுக்குத் தெரியாமல் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரி புரோக்கரை அத்திபெலேக்கு அழைத்துப்போய் நீல லாரியைக் காட்டினேன்.

அவன் டயரை உதைத்தான், கதவைச் சாத்திச் சாத்தித் திறந்தான், சைலன்சரில் விரலை விட்டு மோந்து பார்த்தான். "ஏக்தம் புகை சார். பாடி மட்டும் சுமாரா இருக்கு. மூணு லட்சம். அதுவும் உங்க மூஞ்சிக்காக" என்றான். கடன் பாக்கியே மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று நான் சொல்வதற்குள் டொமினிக் இறங்கிவந்து, "சாவி குடுக்க மாட்டேன்" என்றான்.

"ஓனரோட மச்சான் நானே கேக்கறேன்ல, குடுப்பா" என்றேன்.

"ஓனர் வந்து கேக்கட்டும். அதுவரைக்கும் இது என் இடுப்புலதான் இருக்கும். ஓய் புரோக்கரே, டயர ஒதைக்காத. நேத்துதான் காத்து அடிச்சேன்."

புரோக்கர் புதன்கிழமை மாலை வரை டைம் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பும் பஸ்ஸில் டொமினிக் என் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்மசந்திரா தாண்டும்வரை இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "சார், கோர்ட்டுல எல்லாம் உண்மைய சொல்லிடுங்க. உண்மைய சொன்னா வுட்ருவாங்க" என்றான். அது கோர்ட் இல்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு ஆஜராக வேண்டும். பத்து மணிக்கே போய்விட்டேன். பியூன் என் மஞ்சள் பையின் கனத்தைப் பார்த்து, "கூத்கொள்ளி சார், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லி ஸ்டூலைக் காட்டினார். அதிகாரியின் பெயர் சீனிவாசராகவன். நம் தமிழ்க்காரர், ஐம்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு. உள்ளே போனதும், "எத்திராஜ் நீங்களா?" என்றார்.

"இல்லிங்க சார். தங்கச்சி வீட்டுக்காரர். அவர் டெல்லி ரூட்டுல இருக்கார். பிரதிநிதிக் கடிதம் இருக்கு."

"லாரியா? எத்தனை வண்டி?"

"சார், அது பக்கம் நாப்பத்தி ஒண்ணுல வருது. வரிசையாப் போயிடலாமே" என்றேன்.

மாப்பிள்ளை, இதை நான் திமிரில் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஆடிட்டர்கள் முன்னால் நின்று பழகியவன் நான். ஒரு கணக்கை நடுவில் திறக்கக் கூடாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பினார். எட்டாம் பக்கத்தில் நின்றார்.

"வாகனப் பாதுகாப்பு, ஆயிரத்து நூத்தி இருபது. இன்ஷூரன்ஸா?"

"இன்ஷூரன்ஸ் பக்கம் ஆறுல தனியா இருக்கு சார். இது அதுக்கு மேல. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம்."

"கிளெய்ம் ஏதாவது வந்துதா?"

"இதுவரைக்கும் வரலை சார். அதனாலதான் தொடர்ந்து கட்டறாங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, மொத்தம் எத்தனை வண்டின்னு மட்டும்…" என்று ஆரம்பித்தார். நான் பணிவாகப் பக்கம் நாற்பத்தொன்றை ஞாபகப்படுத்தினேன். பதினேழாம் பக்கத்தில் மறுபடி நின்றார்.

"வழி மரியாதை, பதினெட்டாயிரத்து நானூத்தி ஐம்பது. யாருக்கு மரியாதை?"

"வழியில நிக்கறவங்களுக்கு சார்."

"எதுக்கு நிக்கறாங்க?"

"அது எங்களுக்குத் தெரியாது சார். நாங்க போற நேரத்துல எல்லாம் நிக்கறாங்க."

என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இதைக் கழிக்க முடியாது என்று எனக்கே தெரியும். டொமினிக் சொன்னபடி உண்மையைத்தான் சொன்னேன். அவர் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். நீல லாரியின் முன்சக்கரம் போய்விட்டது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அடுத்து இருபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். பிறகு சொல்கிறேன் என்று நான் மேலே எழுதிய தலைப்பு அதுதான். 'ஓட்டுநர் உடல்நலம், ரூ. 2,316.'

"மெடிக்கல் பில் இருக்கா?"

"இல்லை சார்."

"என்ன வியாதி?"

"சர்க்கரை சார். தொண்ணூத்தெட்டு ஜூன் ஒம்பதாம் தேதி டாக்டர் சொன்னார்."

"சர்க்கரைக்கு மருந்தா இது? 'ஜூன் பதினாலு, மதுரா, பேடா கால் கிலோ. ஜூன் பதினஞ்சு, ஆக்ரா, பேட்டா மிட்டாய் அரைக் கிலோ. ஜூன் பதினாறு, குவாலியர், எள்ளு கஜக். ஜூன் பதினெட்டு, நாக்பூர், ஆரஞ்சு பர்பி, ரெண்டு பெட்டி.'"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன செய்வேன் மாப்பிள்ளை? தாங்கள் எழுதியதை விடுவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரி மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், தாள் பறக்கிறது என்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். டெல்லியில் இறக்கிவிட்டுத் திரும்பும் போக்கில் ஓர் ஊரையும் தாங்கள் விடவில்லை. அடுத்த ஆள் கதவைத் தட்டினார். அதிகாரி, "வெயிட் பண்ணுங்கோ, முக்கியமான கேஸ் போயிண்டிருக்கு" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த மதுரா பேடா, கோயில் தெருவுலயா, ஸ்டேஷன் பக்கமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார். கண்ணி வச்சுக் கேக்கறீங்களா சார்?"

"கண்ணியும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்கும் சர்க்கரைதான். பதினோரு வருஷமாச்சு. ஆத்துல தினமும் கோதுமைக் கஞ்சி. வாய்ல போட முடியாது, படிக்கவாவது படிக்கறேன்."

முப்பத்தைந்து நிமிஷம் படித்தார். வரவுப் பக்கத்தில் கடைசி வரியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பியூன் எட்டிப் பார்த்தார். அந்த வரி எது என்பதைத் தாங்கள் வந்தபின் தனியாகச் சொல்கிறேன். இப்படியாக ஒருவழியாகப் பக்கம் நாற்பத்தொன்று வந்தது.

"ரெண்டு லாரியா?" என்றார்.

"ஆமா சார். பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு."

"ரெண்டே ரெண்டுதானா? மூணாவது, நாலாவது ஏதும் இல்லையே?"

"இல்லவே இல்லை சார். வேணும்னா ஸ்டாண்டுல வந்து பாருங்க."

அவர் கணக்கை மூடினார். "ஏன் சார், இதை நீங்க மொத பக்கத்துலயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பத்து லாரிக்கு மேல் இல்லாதவர் கணக்கே எழுத வேண்டாமாம். கனரக லாரி ஒன்றுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் வருமானம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறதாம். டீசலும் டயரும் பூசணிக்காயும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு லாரிக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். ஐம்பதாயிரம் வரைக்கும் வரி கிடையாது. 1994-லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறதாம். ஆறு வருஷமாக ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

"அப்போ இந்த அறுபத்தெட்டுப் பக்கம், சார்?"

"இதைத் தாக்கல் பண்ணினா, அறுபதாயிரம் லாபம்னு நீங்களே எழுதியிருக்கேளே, ஆயிரம் ரூபா வரி கட்டணும். எடுத்து உள்ள வைங்கோ. இந்த ஒத்தைத் தாளை நிரப்பிக் கொடுங்கோ, போதும்."

ஒரே ஒரு தாள், மாப்பிள்ளை. அவர் பேனாவாலேயே நிரப்பினேன். பரபரப்பில் தங்கள் பெயரை இரண்டு தரம் எழுதினேன். எழுந்து கும்பிட்டபோது, என் டைப்பைப் பற்றி, "ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததே இல்லை" என்றார். ஃபேக்டரியில்கூட யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

வெளியே வந்து பார்த்தால் கேட்டருகே டொமினிக் நின்றிருந்தான். வேலைக்குப் போகாமல் காலை பதினொன்றிலிருந்து நின்றானாம். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து முத்தமிட்டு மறுபடியும் இடுப்பிலேயே செருகிக்கொண்டான். "உண்மைய சொன்னீங்களா சார்?" என்றான். "எல்லாத்தையும் சொன்னேன்பா, கேக்காததையும் சொன்னேன்" என்றேன். புரோக்கருக்குப் பூத்திலிருந்து போன்போட்டு வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். அவன், "மூணு இருபது?" என்றான். வைத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, காக்ஸ் டவுன் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். காந்தா நல்ல செய்தியைக் கேட்டு அழுதாள். சாமி படத்துக்கு முன்னால் விழுந்தாள். ஆனால் மைசூர்பாகைத் தொடவில்லை. "அவரு அங்க நான் கட்டிக் குடுத்த ராகி மாவுல கூழு காச்சிக் குடிச்சிட்டு வண்டி ஓட்டறாரு. நான் மட்டும் இங்க உக்காந்து இனிப்பு துன்றதாண்ணா?" என்றாள். தங்களுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து அவள் ஒரு துண்டு வெல்லம்கூட வாயில் போடவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வாயிலிருந்த மைசூர்பாகை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். ஆனாலும் மாப்பிள்ளை, நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கள் எழுத்தைப் படிக்க இந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. அந்த ரகசியம் என்னோடு போய்விடும். தாங்களும் இனிமேல் மதுராவில் வண்டியை நிறுத்தாமல் வந்தால் என் மனசாட்சிக்கு நிம்மதியாக இருக்கும்.

ஆகவே தைரியமாக, நிதானமாக ஓட்டிக்கொண்டு வாருங்கள். தங்களுக்கு நீண்ட ஆயுளும், பச்சை லாரியின் பழைய டயர்களுக்கு இன்னும் ஒரு நாற்பதாயிரம் கிலோமீட்டரும், வழியில் நிற்கிறவர்களுக்குச் சீக்கிரம் வேறு வேலையும் கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். மங்களம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மச்சான்,
ஜெயராமன்

பி.கு.: பகல் மூன்றே முக்கால். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. புதன்கிழமை வந்த சந்தோஷத்தில் மஞ்சள் பையை அப்படியே காந்தாவிடம் கொடுத்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை என்று அவள் அதற்குப் பூ வைக்கப் போயிருக்கிறாள். தங்கள் நோட்டுப் புத்தகங்களால் ஆபத்தில்லை. அவற்றை அவளால் படிக்க முடியவில்லை. என்னுடைய டைப்பைப் படிக்க முடிந்தது. பொருளடக்கம் இருந்ததால் நேராக இருபத்து மூன்றாம் பக்கத்துக்கே போய்விட்டாள். அதையாவது சமாளித்திருப்பேன். வரவுப் பக்கத்தின் கடைசி வரியைத்தான் சமாளிக்க முடியவில்லை: 'இதர வருமானம்: ராகி மாவு, டாபாவுக்கு விற்றது, 18 நடை, நடைக்கு 5 கிலோ, ரூ. 540.'

அவள் கத்தவில்லை. "இன்னாண்ணா இது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற கையெழுத்தைக் காட்டி, "உனுக்கு எப்பத்துலருந்து தெரியும்?" என்றாள். கையெழுத்துக்குக் கீழேயே தேதியும் போட்டிருக்கிறேன். இப்போது மாடியில் உட்கார்ந்து, மீதியிருந்த மைசூர்பாகைத் தின்றுகொண்டே, பென்சிலால் கணக்கை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரி ஆபீஸில் தப்பியதுபோல இரண்டு லாரி என்று சொல்லி இவளிடம் தப்ப முடியாது. தாங்கள் இங்கே போன் செய்ய வேண்டாம். அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

நேராக வீட்டுக்கு வரச் சொல்லி மேலே எழுதியிருப்பதை ரத்து செய்கிறேன். நாக்பூரில் குவாஹாத்திக்கு லோடு கிடைக்கும் என்று முன்பு சொல்லியிருக்கிறீர்கள், கிடைத்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். போகிற வழியில் பெங்களூர் வருவதில்லை என்பதைக் கவினின் பள்ளி அட்லஸில் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். வண்டியில் இன்னொருவருக்கு இடமிருந்தால் தெரியப்படுத்தவும். நாக்பூருக்கு நான் ரயிலில் வந்துவிடுகிறேன்.